‘வைன்லைட்’ ஆல்பத்தோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தது

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ‘வைன்லைட்’ ஆல்பம் முழுவதையும் என் ஆல்டோ சாக்ஸபோனில் கூடவே வாசித்துவிடுவது என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட வேலை. 1980-இல் வந்த ஆல்பம். ஆறே உருப்படிகள், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விரல்களைப் பதறவைக்கும் வேகப் பாய்ச்சல்கள் அதிகமில்லை. பாதி தூரம் வந்திருக்கிறேன். விரல் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. மூச்சு வேலைதான் முடிந்தபாடில்லை.

இந்த ஆல்பத்தைச் சேர்த்துப் பேசும் ‘ஸ்மூத் ஜாஸ்’, அதாவது காதுக்கு இதமான ஜாஸ் வகை, என்றாலே முகம் சுளிக்கும் ஜாஸ் ரசிகர்கள் உண்டு. லிஃப்டிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் ஒலிக்கும் சங்கதி என்பார்கள். அந்த வகையில் பின்னால் வந்த பலதுக்கு அது பொருந்தும், மறுக்கமாட்டேன். ஆனால் ‘வைன்லைட்’டில் யார் வாசித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது. டிரம்ஸ் ஸ்டீவ் காட், பேஸ் மார்கஸ் மில்லர், கீபோர்டில் ரிச்சர்ட் டீ, கிட்டார் எரிக் கேல், தாளவாத்தியங்கள் ரால்ஃப் மெக்டொனால்ட். மெக்டொனால்டும் வாஷிங்டனும் சேர்ந்தே தயாரித்தார்கள். இப்படி ஒரு பக்கவாத்தியக் கூட்டத்தோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தினமும் உட்கார்வதே ஒரு படிப்பு.

முதலில் எடுத்தது ‘ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்’. பில் விதர்ஸ் பாடியது. 1981-இல் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறிய பாட்டு. எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். மூலத்தில் எஃப் மைனர். ஆல்டோவில் விரல் வைக்கும் ஸ்வரத்தின் பெயரும் ஒலிக்கும் சுருதியும் வேறு வேறு; அதனால் விரல் வைக்கும்போது அது டி மைனர். ஆகவே எனக்கு வரும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) இவை: பி ஃபிளாட் மேஜர் செவன், ஏ செவன், டி மைனர் செவன், அங்கிருந்து சி மைனர் செவன், எஃப் செவன், மறுபடி பி ஃபிளாட். பாட்டின் பெரும்பகுதி இந்தச் சுற்றுதான். ஒரு முறை சி மைனர் வழியாகத் திரும்பும், மறுமுறை டி மைனரிலேயே தங்கும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும். டி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், ஏ செவனில் காகலி நிஷாதம் கேட்கிறது. இரண்டு எண்ணிக்கை டி-யில் இளைப்பாறியதும் சி மைனர் வந்து கைசிகி நிஷாதத்தைக் கேட்கிறது. அதே இடத்தில் சுத்த ரிஷபமும் தலைகாட்டுகிறது. ஒரே மைனர் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடினால் பெரும்பாலும் பொருந்தத்தான் செய்யும், ஆனால் சப்பென்று இருக்கும். அந்தக் காகலி நிஷாதத்தை ஏ செவனில் தொட்டு, ஷட்ஜத்தில் இறங்கி, அடுத்து கைசிகிக்குச் சரிந்தால் மட்டுமே பாட்டின் ஏக்கம் கையில் அகப்படுகிறது. சில வாரங்கள் இந்த மூன்று ஸ்வரங்களை மட்டுமே வாசித்தேன். வீட்டில் உள்ளவர்களின் பொறுமைக்கு நன்றி.

இன்னொரு விஷயம்: மூலத்தில் வாஷிங்டன் வாசிப்பது டெனர், ஆல்டோவைவிடப் பெரிய, கீழ்ச் சுருதி சாக்ஸபோன். டெனர் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது அதன் குரலில் ஓர் இறுக்கம் வரும், தொண்டை கட்டிக்கொண்டே பாடுவது போல. அதே சுருதியிலுள்ள ஸ்வரம் ஆல்டோவில் ஒரு நாலாவது கீழே, குழலின் நடுப்பகுதியில் சாவகாசமாக வந்து விழுகிறது. ஸ்வரம் சரி, உணர்ச்சி காணோம். அதனால் சில வரிகளை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசிக்கிறேன். மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் சுருதிக்கா, இறுக்கத்துக்கா? நான் இறுக்கத்தின் பக்கம். வாஷிங்டனே ஆல்டோவுக்குத் தற்செயலாக வந்தவர்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக்கு ஆல்டோ கலைஞர் ஹாங்க் க்ராஃபோர்ட் வரமுடியாமல் போக, டெனர்காரரான இவர் ஆல்டோவை எடுத்து வாசித்து, ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ என்று அது இவருடைய முதல் ஆல்பமாகவே வெளிவந்தது.

அடுத்து, தலைப்பு உருப்படியான ‘வைன்லைட்’. இங்கேதான் மூச்சு வேலை தொடங்கியது. அடி ஸ்தாயியில் காற்றும் ஒலியும் கலந்து வரும் அந்தக் கமறலான குரலுக்கு சப்டோன் என்று பெயர். தாடையைத் தளர்த்திச் சற்றே பின்னுக்கு இழுக்க வேண்டும்; அப்போது கீழுதடு, வாய்முனையில் அதிரும் மெல்லிய பட்டையான ரீட்டின் நுனிப்பக்கம் நகர்ந்து அதன் கூர்மையை அடக்கிவிடும். ஆனால் தாடை தளர்ந்ததும் சுருதி கீழே வழுக்குகிறது. சுருதி காட்டும் ட்யூனரை எதிரே வைத்துக்கொண்டு, உதட்டைத் தளர்த்தியபடியே வயிற்றிலிருந்து காற்றை அழுத்தி முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவது நல்ல உடற்பயிற்சி. சன்னமாக வாசிப்பதற்கு உரக்க வாசிப்பதைவிட அதிக காற்று வேண்டியிருக்கிறது என்பது வாசித்தால்தான் தெரியும்.

இரண்டரை எண் ரீட்டை விட்டு, அதைவிட மென்மையான இரண்டுக்கு மாறினேன். அடி ஸ்வரங்கள் உடனே பேசின. மேல் ஸ்வரங்கள் மெலிந்து கீச்சிட்டன. இப்போதைக்கு இந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நம்மில் பலருக்கு சாக்ஸபோன் என்றாலே கத்ரி கோபால்நாத்தின் கமகம்தான் காதில் நிற்கிறது. அந்தக் காதோடு வாஷிங்டனைக் கேட்டால் முதலில் வெறுமையாகப் படும். அவர் ஸ்வரத்துக்குள் நுழையும்போது சற்றுக் கீழிருந்து ஏறுவார், பிறகு நேராக நிறுத்துவார், விடும் தறுவாயில் மட்டும் லேசாக அசைப்பார். நடுவில் ஒன்றும் செய்வதில்லை. அந்த ஒன்றும் செய்யாத இடத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குப் பெரும்பாடு.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்’ நிமிடத்துக்கு 96 அடிகளை ஒட்டிய வேகம். மெட்ரோனோமை 48-இல் வைத்து, அந்தத் தட்டுகளை இரண்டாம், நான்காம் அடிகளாக எண்ணிக்கொண்டு பயிற்சி செய்கிறேன். முதல் அடியை நாமே மனத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். இது பழகியதும் வாஷிங்டனின் வாசிப்பு கேட்கும் விதமே மாறிவிட்டது: ஸ்டீவ் காட்டும் மார்கஸ் மில்லரும் அடியில் ஆணி அடித்தாற்போல் நிற்க, சாக்ஸபோன் ஒரு மயிரிழை தாமதித்து வருகிறது. பின்தங்குவதில்லை, தாமதிக்கிறது. நானும் அதைச் செய்து கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டேன். பாதி இடங்களில் தாமதம், மீதி இடங்களில் தடுமாற்றம். தாமதம் வந்த பாதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பாட்டின் நீண்ட வடிவத்தில் நடுவே ராபர்ட் க்ரீனிட்ஜின் ஸ்டீல் பான் தனி ஆவர்த்தனம் ஒன்று வருகிறது. எஃகுப் பீப்பாயிலிருந்து செய்யும் டிரினிடாட் வாத்தியம், மெக்டொனால்டின் குடும்ப வேரும் அந்தத் தீவில்தான். சுருக்கி வெளியிட்ட சிங்கிளோடு நின்றுவிடாமல் ஆல்பத்தில் இருப்பதைக் கேளுங்கள். எனக்கு அது மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரமும்கூட.

இப்போது கையில் இருப்பது ‘லெட் இட் ஃப்ளோ’. பிலடெல்பியா கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்குக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. வாஷிங்டன் வாழ்ந்ததும் அந்த ஊரில்தான். வேகத்தை முக்கால்பங்காகக் குறைத்து, சுருதி மாறாமல் ஓட்டி, நான்கு நான்கு வரிகளாக எழுதிக்கொண்டு வருகிறேன். முதல் பக்கம் முடிந்தது. ‘மேக் மீ எ மெமரி’யின் சம்பா நடையைத் தொடுவதற்கு முன் ஒரு டெனரை வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமா என்று யோசனை. மாத வாடகை விசாரித்தேன், கொஞ்சம் அதிகம்தான்.