மிளகின் காது

அக்டோபர் 9

அக்கா மகளுக்குச் சென்னைக்கு மாற்றல். அவள் வளர்த்த முயல் மிளகு இனி எங்கள் வீட்டில். சாம்பல் நிறம், இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல், சாதுவான பிராணி. கூடையிலிருந்து இறக்கியதும் தலையை உதறியது. பின்னங்காலால் காதைப் பறண்டியது. இடது காது சரிந்தே கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். காதின் அடிப்பகுதியில், தவிட்டைக் குழைத்து அப்பிக் காயவிட்டது போல, பழுப்பு நிறத்தில் பொருக்கு. வலது காதிலும் கொஞ்சம் தொடங்கியிருந்தது.

பின்கட்டில் மாமரத்தடிக் கூண்டில் எங்கள் முயல்கள் பஞ்சுவும் மல்லியும் இருக்கின்றன. மிளகை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. புதிதாக வரும் முயல் எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் முதல் ஒரு மாதம் தனியே இருக்க வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். முன்பக்கத் திண்ணையில் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்க் கிண்ணம், தனிச் சீப்பு. தீனி வைப்பதும் முதலில் பின்கட்டில், கடைசியில்தான் திண்ணையில். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, மேல்சட்டையையும் மாற்றிவிடுகிறேன்.

அக்டோபர் 10

காலையிலேயே கால்நடை மருந்தகம். டாக்டர் பொருக்கைப் பிடுங்கவில்லை. ஓரத்தில் உதிர்ந்து நின்ற சிறு துணுக்கை மட்டும் எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் வைத்து, மேசை விளக்கின் அருகே நகர்த்தினார். சற்று நேரத்தில் சூடு ஏற, காகிதத்தில் வெள்ளைப் புள்ளிகள் ஊர ஆரம்பித்தன. உற்றுப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. பிறகு ஒரு சொட்டுப் பாரஃபின் எண்ணெயில் துணுக்கைக் கலந்து நுண்ணோக்கியில் காட்டினார். நீண்ட கால்கள், அவற்றின் நுனியில் ஊதுகுழல் வடிவத்தில் உறிஞ்சிகள். சோராப்டெஸ் கூனிகுலை என்ற சொறி உண்ணி.

இந்த உண்ணி தோலைத் துளைத்து உள்ளே போவதில்லை. மேலே இருந்தபடியே தோலைப் புண்ணாக்கி, கசியும் நீரைத் தின்று வாழ்கிறது. அந்த நீரும் செத்த தோலும் உண்ணியின் கழிவும் அடுக்கடுக்காகக் காய்ந்ததுதான் நாம் பார்க்கும் பொருக்கு. முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணியாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம். கவனிக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும். நடுக்காதைத் தாண்டி உட்காது வரை போனால் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, முயல் நிற்க முடியாமல் உருளும். மிளகு இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உண்ணியைக் கொல்ல, தோலுக்கு அடியில் ஐவர்மெக்டின் ஊசி. உடல் எடையில் கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரைதான். ஆடு மாடுகளுக்கான 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. கணக்குப் போட்டால், மிளகின் எடைக்கு ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. இன்சுலின் ஊசியில் அளந்து போட்டார். அந்தப் பாட்டிலை மருந்துக் கடையில் வாங்கிவந்து வீட்டில் குத்துமதிப்பாகப் போடுகிறவர்கள் இந்த அளவை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். வலிக்கு மெலாக்சிகாமும் கொடுத்திருக்கிறார்.

ஜப்பானிய மண்ணிலிருந்து விஞ்ஞானி சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரியில் கிடைத்த பொருளிலிருந்து பிறந்த மருந்து ஐவர்மெக்டின். அதற்காக அவரும் வில்லியம் கேம்பெல்லும் 2015 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். திண்ணையில் காதைப் பறண்டிக்கொண்டிருக்கும் ஒரு முயலுக்கும் அது வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அக்டோபர் 12

வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். எதிர்வீட்டு அத்தை தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து ஊற்றச் சொன்னார். "வேண்டாம் அத்தை, கற்பூரம் முயலுக்கு விஷம், நக்கினாலே போதும்" என்றேன். வெறும் எண்ணெய் பொருக்கை இளக்கும், காதுக்குள் இருக்கும் உண்ணிகளைக்கூடத் திணறடிக்கும். ஆனால் இவை கழுத்துக்கும் முதுகுக்கும் இறங்கித் திரிபவை. காதில் மட்டும் எண்ணெய் விட்டால் வெளியே இருப்பவை தப்பித்துக்கொள்ளும்.

வளர்ப்புப் பிராணிக் கடையில் நாய்க்கான பிப்ரோனில் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார்கள். முயலுக்கு அது வலிப்பை வரவழைத்து உயிரையே எடுத்துவிடும். விற்கிறவருக்கே இது தெரியாவிட்டால் வாங்குகிறவர் என்ன செய்வார்? எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பொருக்கைப் பிய்த்தெடுக்கச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட மோசம். அதன் அடியில் தோல் பச்சைப் புண்ணாக இருக்கிறது. பிய்த்தால் ரத்தம் வரும். அதோடு, வலி தாங்காத முயல் தீனியை விட்டுவிடும். அரை நாள் சாப்பிடாமல் கிடந்தாலே முயலின் குடல் ஓட்டம் நின்றுபோகும் அபாயம் உண்டு. அதனால் காதைவிட மிளகின் புழுக்கையைத்தான் அதிகம் பார்க்கிறேன். உருண்டையாக, நிறையப் போட்டிருக்கிறது. கல்யாண முருங்கை இலையை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டது.

மாலையில் ஒரு பையன் மிளகைக் காதைப் பிடித்துத் தூக்கப் போனான். ஓடிப்போய்த் தடுத்தேன். நம் ஊரில் முயல் என்றாலே காதைப் பிடித்துத் தொங்கவிடுகிறார்கள். நல்ல காதுக்கே அது கொடுமை. மார்புக்கடியில் ஒரு கை, பின்புறத்துக்கு அடியில் இன்னொரு கை என்று தூக்கிக் காட்டினேன்; பையன் உடனே கற்றுக்கொண்டான்.

அக்டோபர் 18

பொருக்கு தானாகக் கழன்று விழ ஆரம்பித்திருக்கிறது. இடது காதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு விழுந்து, அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரிகிறது. விழும் துண்டுகளில் உயிருள்ள உண்ணியும் முட்டையும் இருக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் பொறுக்கி, கூண்டில் விரித்த வைக்கோலோடு சேர்த்து எரித்துவிட்டேன். கம்பி வலைக்குக் கொதிநீர். பிறகு நல்ல வெயில்.

அக்டோபர் 24

இரண்டாவது ஊசி. காது பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது, அக்கா மகள்கூடத் தொலைபேசியில், "சித்தி, சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு ஊசி?" என்றாள். ஐவர்மெக்டின் உண்ணியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முதல் ஊசியின்போது முட்டையாக இருந்தவை இப்போது பொரித்திருக்கும். அவை வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடிக்க வேண்டும். இந்த ஊசியை விட்டுவிடும் வீடுகளில்தான் ஒரு மாதம் கழித்து மறுபடியும் தலை உதறல் கேட்கிறது.

அக்டோபர் 31

தீபாவளி. மூன்று முயல்களும் வீட்டுக்குள், தனித்தனி அறையில், ஜன்னலுக்குப் போர்வை.

நவம்பர் 3

விடாத மழை. எனக்குப் பயம் ஈயைப் பற்றித்தான். வெளியே வளரும் முயலுக்குப் புண் ஈரமாக இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். திண்ணைக் கூண்டுக்குக் கொசுவலை கட்டினேன். மாமரத்தடிக் கூண்டைச் செங்கல் அடுக்கி ஒரு முழம் உயர்த்தி, சாரல் அடிக்கும் பக்கம் தகரம் வைத்தாயிற்று. ஈரமும் குளிரும் சேர்ந்தால் இந்த உண்ணி முயலின் உடம்பை விட்டு வெளியிலும் மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும் என்பதால், மழைக்காலத்தில் கூண்டு காய்ந்திருப்பதே பாதி வைத்தியம்.

பஞ்சு, மல்லி இரண்டின் காதையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தம். ஒரே கூண்டில் இருந்திருந்தால், அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, மூன்றுக்கும் ஊசி போட வேண்டியிருந்திருக்கும்.

நவம்பர் 7

மூன்றாவது ஊசி. மிளகு முரண்டு பிடித்து டாக்டரின் சட்டையைக் கிழிக்கப் பார்த்தது. அவ்வளவு தெம்பு வந்திருக்கிறது.

நவம்பர் 22

காதின் உட்புறத்திலிருந்து பஞ்சுக் குச்சியால் லேசாகத் தடவி எடுத்ததில் நுண்ணோக்கியில் ஒன்றும் இல்லை. இரண்டு காதும் நேராக நிற்கின்றன. மிளகை மற்றவற்றோடு பழக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகச் சில நாள் போகட்டும். எடுத்த எடுப்பில் ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நகம் வெட்டும்போது மூன்றுக்கும் காது பார்ப்பது தொடரும்.

இரவு அக்கா மகளிடம் பேசினேன். மிளகின் பழைய மரக் கூண்டு சாமான்களோடு சென்னைக்குப் போய், அவள் வீட்டு மொட்டை மாடியில் கிடந்ததாம். போன வாரம்வரை அதில் பக்கத்து வீட்டுக்காரரின் முயல் தங்கியிருந்ததாம். இப்போது யாரோ விலைக்குக் கேட்கிறார்களாம். இப்போது கொடுக்காதே என்றேன். அடித்தட்டுப் பலகையை எரித்துவிட்டுப் புதிது போடவேண்டும். மற்றதைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, ஒரு மாதம் வெயிலில் காலியாகக் கிடத்த வேண்டும். பக்கத்து வீட்டு முயலின் காதையும் நாளைக்கே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.