அல்சூர் மாடியில் ஒரு பெயின்ட்பால் மார்க்கர்

ஜூன் 7, சனி

மச்சான் வேலை பார்க்கும் பெயின்ட்பால் மைதானத்தில் பழைய மார்க்கர்களை, அதாவது சாயக் குண்டு சுடும் துப்பாக்கிகளை, கழித்துக் கட்டினார்கள். அதில் ஒன்று இன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஸ்பைடர் வகை, மேலும் கீழுமாக இரண்டு குழாய். கீழே ஹாமர், ஸ்பிரிங், வால்வு, மேலே குண்டைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட். ட்ரிகரை இழுத்தால் ஹாமர் பாய்ந்து வால்வைத் தட்டும். வெளிவரும் வாயுவில் ஒரு பங்கு குண்டைத் தள்ளும், மறுபங்கு ஹாமரைப் பின்னுக்குத் தள்ளி மாட்டிவிடும். பேட்டரி கிடையாது, போர்டு கிடையாது. வீட்டில் வைத்து நோண்டுவதற்கு இதைவிடத் தோதான சாமான் கிடைக்காது.

“வீட்ல துப்பாக்கி எதுக்குடா?” என்றார் அம்மா. 1981இல் நியூ ஹாம்ப்ஷயரில் முதல் ஆட்டம் ஆடியவர்கள் கையில் இருந்ததே மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளச் சாயம் அடிக்கிற கருவிதான் என்றேன். “அப்ப மாடு எங்க?” என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் வேலை கேஸ் பாட்டிலைக் கழற்றியது. அப்புறம் காலியாகச் சுட்டு, உள்ளே தங்கியிருந்த அழுத்தத்தையும் வெளியேற்றிவிட்டுத்தான் திருகாணியில் கை வைத்தேன். உள்ளே ஒரே பிசுக்கு. குண்டின் தோல் ஜெலட்டின், சாயமும் தண்ணீரில் கரைவதுதான். வெதுவெதுப்பான தண்ணீரே போதும். தின்னர் பக்கம் போகவில்லை, ரப்பரைக் கெடுத்துவிடும்.

ஜூன் 14, சனி

பெங்களூரு எஸ்.பி. ரோடு, உதிரிபாகக் கடைத் தெரு. பாட்டில் வாய்க்குப் வாயு கசியாமல் அடைக்கும் வளையமான பாலியூரித்தேன் ஓ-ரிங் தேடி அலைந்தேன். எல்லாக் கடையிலும் கறுப்பு நைட்ரைல் ரப்பரைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அது பாட்டிலில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி உப்பிவிடும். கடைசியில் ஒரு சந்துக்குள், பம்பு சாமான் விற்கிற கடையில் கிடைத்தது. சில்லறை விலைதான், ஆட்டோவுக்குக் கொடுத்ததுதான் அதிகம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றுதான் உண்மையான வேலை. மலிவு மார்க்கரில் பளபளப்பான உதிரிபாகம் மாட்டிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், முதலில் உராய்வைக் குறைக்க வேண்டும். ஹாமரின் வெளிப்புறத்தில் வரிவரியாகக் கடைசல் தடம்; நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. 600, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, சுற்றிச் சுற்றித் தேய்த்து, மெட்டல் பாலிஷில் முடித்தேன். கூட்டுக்குள் வைத்துச் சாய்த்தால் இப்போது ஹாமர் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு வருகிறது.

சியர் விஷயத்தில் நிதானம் வேண்டும். ஹாமரைப் பிடித்து நிறுத்துகிற பல் அது. அதன் தட்டையான முகத்தை மட்டும் தேய்த்தேன், விளிம்பைத் தொடவில்லை. விளிம்பு மழுங்கினால் பிடி நழுவி, விரலை எடுத்த பிறகும் படபடவென்று சுட்டுக்கொண்டே இருக்கும்.

ஜூன் 18, புதன்

தூறல். குண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடினேன். ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊதிவிடும்.

ஜூன் 21, சனி

கூடு அலுமினியம், அதனால் உலோகத்தில் பிடித்துக்கொள்ளும் அடிச்சாயமான எட்ச் பிரைமர் அடித்து அதன் மேல் சாம்பல் நிறம். அக்கா பையன் தங்கக் கலர்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். ட்ரிகரைச் சுற்றியிருக்கும் கார்டை மட்டும் அவனிடம் விட்டுவிட்டேன். பார்க்க அசல் துப்பாக்கி மாதிரி இல்லாமல் போனதில் அம்மாவுக்குத் திருப்தி.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலேயே மைதானம் போனோம். ஆளுக்கொரு முகக்கவசம். முதலில் பேரல் சோதனை: குண்டைப் பேரலுக்குள் போட்டால் உருண்டு வெளியே விழக்கூடாது, வாயால் ஊதினால் சட்டென்று வெளியேற வேண்டும். பெயருக்கு எல்லாம் 0.68 இன்ச் குண்டுதான், ஆனால் பெட்டிக்குப் பெட்டி நூலளவு மாறும். பழைய பேரலில் கடகடவென்று உருண்டு விழுந்தது. மச்சான் கொடுத்த இன்னொன்றில் கச்சிதமாக நின்றது. குண்டுகள் ஓரிடத்தில் போய் விழ ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

பின்னால் உள்ள திருகைத் திருப்பித் திருப்பி, வேகமானியில் நொடிக்கு 270 அடிக்குக் கொண்டுவந்தேன். 300 என்பது பரவலான உச்சவரம்பு. வெயில் ஏறினால் பாட்டிலில் அழுத்தமும் ஏறும். 21 டிகிரியில் சுமார் 850 பிஎஸ்ஐ, 30ஐத் தொட்டால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். நினைத்தபடியே மதியம் வேகம் கூடியிருந்தது, திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

“கனமான ஸ்பிரிங் போட்டா இன்னும் பாயும் மாமா” என்றான் மச்சான். பாயும்தான், எதிரே நிற்பவன் முதுகும் கன்றிப்போகும். வேண்டாம் என்றேன். அடுத்து ஹாப்பர் கழுத்து, குண்டு டப்பா மேலே மாட்டுகிற இடம். ஆட்டினால் ஆடுகிறது, ஒரு கிளாம்ப் பார்க்க வேண்டும்.