16 எம்பியா 32 எம்பியா: எமுலேட்டரில் ஒரு கேஷ் சோதனை

பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை எமுலேட்டரில் (அந்தக் கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) ஓட்டவே வைத்திருக்கும் கணினியில் இதுவரை ரைசன் 5 5600ஜி பிராசசர் ஓடிக்கொண்டிருந்தது. திருநகர் நண்பர் ஒருவரிடம் ரைசன் 5 5600 ஒன்று சும்மா கிடக்க, இரவல் வாங்கி வந்தேன். இரண்டும் ஏஎம்டியின் ஜென் 3 வடிவமைப்பு. இரண்டிலும் 6 கோர், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் எல்3 கேஷ் (ரேம் வரை போகாமல் சட்டென்று எடுக்கப் பிராசசருக்குள்ளேயே இருக்கும் நினைவகம்) 5600ஜியில் 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. கேஷின் பங்கைத் தனியாகப் பார்க்க இவ்வளவு தோதான ஜோடி எளிதில் அமையாது.

மதுரை வெயிலில், சூட்டைப் பொறுத்துத் தானாக ஏறி இறங்கும் பூஸ்ட் வேகத்தை நம்பி அளந்தால், அளப்பது மாடி அறையின் சூட்டைத்தான். அதனால் பயாஸில் இரண்டையும் 4 கிகாஹெர்ட்ஸில் பூட்டினேன். ரேம், கிராபிக்ஸ் கார்டு, கூலர் எல்லாம் அதே. 5600ஜியின் உள்கிராபிக்ஸை அணைத்துவிட்டேன். இல்லாவிட்டால் அது ரேமில் பங்கு கேட்கும்.

முதலில் டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டரில் பிளேஸ்டேஷன் 1. வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, தெரியவும் வேண்டாம். அந்தக் கருவியின் மொத்த ரேம் 2 எம்பி, வீடியோ ரேம் 1 எம்பி. முழு இயந்திரத்தையும் 16 எம்பிக்குள் வைத்தாலும் இடம் மிச்சம்.

பிளேஸ்டேஷன் 2-இல்தான் கதை மாறுகிறது. அதன் பிராசசர் 294.9 மெகாஹெர்ட்ஸ், ரேம் 32 எம்பி. பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டர் அதன் கட்டளைகளை ஓடும்போதே நம் பிராசசரின் கட்டளைகளாக மாற்றி, மாற்றியதைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. மாறிய கட்டளைகள் மூலத்தைவிட ஊதிப்போயிருக்கும். அவையும் விளையாட்டின் தரவும் எமுலேட்டரின் சொந்தப் பட்டியல்களும் ஒரே எல்3-க்குள் இடம் பிடிக்கப் போட்டி போடும்.

ஒரு சின்னக் கணக்கு. நம் பிராசசர் 4 கிகாஹெர்ட்ஸ் என்றால், பிஎஸ்2-இன் ஒரு கடிகாரத் துடிப்புக்கு நமக்குச் சுமார் 13.6 துடிப்புகள் கிடைக்கின்றன. ஜென் 3-இல் எல்3-இலிருந்து எடுக்க 46 துடிப்பு போல ஆகும். அங்கே கிடைக்காமல் ரேம் வரை போனால், 75 நானோநொடி என்று வைத்துக்கொண்டாலும் 300 துடிப்பு. அதாவது ஒரு தடவை ரேமுக்குப் போய் வருவதற்குள் பிஎஸ்2-இன் 22 துடிப்புக்கான நேரம் போய்விடுகிறது. நிஜத்தில் பிராசசர் அந்த இடைவெளியில் வேறு வேலையைப் பார்த்துக் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் அடுத்து எந்தக் கட்டளைத் துண்டு என்று தேடித் தாவும் எமுலேட்டர் வேலையில் அதற்குப் பெரிதாக வழியில்லை.

கார் பந்தயம் ஒன்றை இரண்டிலும் ஓட்டினேன். பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்துவிட்டு, "என்னண்ணே, ரெண்டும் ஒரே மாதிரிதானே ஓடுது?" என்றான். அவன் சொன்னது சரிதான். எமுலேட்டரின் வேகக் கட்டுப்பாடு 100 சதவீதத்தில், அதாவது அசல் கருவியின் வேகத்தில், இருக்கும்வரை, ஒரு ஃபிரேமுக்கு (திரையில் வரும் ஒரு படத்துக்கு) உரிய 16.7 மில்லிநொடிக்குள் இரண்டும் வேலையை முடித்துவிடுகின்றன. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டதும்தான் 5600 முன்னே போனது. சராசரியைவிட, ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைக் காட்டும் கோட்டில்தான் எனக்கு ருசி. கார்கள் கூட்டமாக வரும் வளைவில் 5600ஜியின் கோடு முள் முள்ளாகக் குத்தி எழுந்தது. 5600-இல் அதே வளைவில் சின்ன மேடுகள்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் ஓட்டத்தில் வரும் தடங்கல் பெரும்பாலும் ஷேடர் (கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்) தயாரிக்கும் நேரம். அதைக் கேஷ் கணக்கில் எழுதக் கூடாது. அதே இடத்தை ஓட்டிப் பழக்கிவிட்டு அப்புறம்தான் அளக்க வேண்டும்.

5600ஜிக்கு ஒரு சாதகமும் உண்டு. அது ஒரே சில்லாகச் செய்தது; 5600-இல் ரேமைக் கவனிக்கும் பகுதி தனிச் சில்லில் இருக்கிறது. அதனால் ரேமை எட்டுவதில் 5600ஜி சற்றுச் சுருக்கு. அந்தச் சலுகை இருந்தும் அது பின்தங்கியது என்றால், ரேம் பக்கம் போகாமலிருப்பதே பெரிது என்றுதான் கொள்கிறேன்.

இதை உறுதிப்படுத்த ரேமின் வேகத்தை 3200-இலிருந்து 2133-க்கு இறக்கினேன். இரண்டும் சறுக்கின, 5600ஜி அதிகமாகவே சறுக்கியது. கேஷ் சின்னதாக இருந்தால் ரேமின் குறை வெளியே தெரிகிறது.

96 எம்பி எல்3 உள்ள 5800எக்ஸ்3டி பற்றியும் தம்பி கேட்டான். சாதாரண 5800எக்ஸின் உச்சம் 4.7 கிகாஹெர்ட்ஸ், எக்ஸ்3டிக்கு 4.5 தான். வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கேஷ் வாங்கும் பேரம் அது. பிஎஸ்2 வரைக்கும்தான் ஆசை என்றால் அதற்குக் காசு செலவழிக்க மாட்டேன். இப்போதைக்கு 5600-க்கு என்ன விலை என்று நண்பரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் பழைய 5600ஜியை எடுத்துக்கொண்டு மேலே ஏதாவது தரச் சொல்கிறார்.