ஓசிஎல் தேர்வு: சைல்ட் கிளாஸுக்கு நிபந்தனை எழுதும்போது நான் செய்த தவறு

எம்சிஏ இரண்டாம் செமஸ்டரில் மாடலிங் பாடத்தின் முதல் இன்டர்னல். பதிமூன்று மதிப்பெண் கேள்வி ஒன்றில் எனக்கு நான்குதான் வந்தது. மென்பொருளின் அமைப்பைக் காட்டும் யுஎம்எல் படம் ஒன்றைக் கொடுத்து, பேரன்ட் கிளாஸிலிருந்து இன்ஹெரிட் ஆகி வரும் ஓர் ஆபரேஷனுக்கு சைல்ட் கிளாஸில் முன்நிபந்தனையும் (தொடங்கும் முன் உண்மையாக இருக்க வேண்டியது) பின்நிபந்தனையும் (முடிந்த பின் உண்மையாக இருக்க வேண்டியது) ஓசிஎல் என்ற மொழியில் எழுதச் சொல்லியிருந்தார்கள். பேரன்ட்டின் முன்நிபந்தனையை அப்படியே எடுத்து, 'அண்ட்' போட்டு, கூட ஒரு நிபந்தனையைச் சேர்த்து எழுதினேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. பொருள்தான் முழுக்கத் தவறு. இதே தவறை இன்றும் பலர் செய்வதைப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு மதிப்பெண் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். ஓசிஎல் என்பது ஆப்ஜெக்ட் கன்ஸ்ட்ரெய்ன்ட் லாங்க்வேஜ். ஐபிஎம்மில் 1995-இல் உருவானது, 1997-இல் யுஎம்எல் 1.1-உடன் சேர்ந்தது, 2.4 பதிப்பு 2014-இல் வந்தது. கண்டிஷன்களையும் குவெரிகளையும் சொல்லும் மொழி இது, எதையும் மாற்றாது. சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

எனக்கு இது புரிந்த இடம் வகுப்பறை இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. சீசன் நேரம், தர்மபுரியிலிருந்து ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். பெங்களூரா காய் 700 கிலோவை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஒரு கூழ் ஆலைக்குப் போனோம். 500 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் எடுத்துக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தார்கள். அங்கே போய் நின்றால், நாங்கள் அனுப்பப்பட்ட கவுன்ட்டரில் ஒரு டன்னுக்குக் குறைந்த லோடு எடுக்க மாட்டார்களாம். பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டு வரைக்கும் வந்தப்புறம் கணக்கை மாத்தினா நாம என்னம்மா பண்றது?"

நான் விடைத்தாளில் எழுதியது இதைத்தான். ஆலையின் பொது விதி பேரன்ட் கிளாஸ், அந்த கவுன்ட்டர் சைல்ட் கிளாஸ். ஆபரேஷனை அழைக்கிறவருக்குத் தெரிந்தது பேரன்ட் சொன்ன 500 மட்டுமே. எந்த கவுன்ட்டர் தன் லோடை வாங்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் சைல்ட் கூடுதலாக எதையும் கேட்கக்கூடாது. 100 கிலோ போதும் என்று தளர்த்தலாம், 1000 வேண்டும் என்று இறுக்கக்கூடாது. பின்நிபந்தனை இதற்கு நேர் எதிர். 'ரசீது ஒன்று கூடியிருக்கும்' என்று பேரன்ட் வாக்குக் கொடுத்திருந்தால், சைல்ட் அதையும் நிறைவேற்ற வேண்டும், அதற்கு மேலும் தரலாம். கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஓர் உரையில் முன்வைத்து, 1994-இல் ஜெனெட் விங்குடன் சேர்ந்து விரிவாக எழுதிய கொள்கை இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஐஃபெல் மொழியில் இதற்கென்றே 'ரிக்வயர் எல்ஸ்', 'என்ஷ்யூர் தென்' என்ற சொற்கள் உண்டு. முதலாவது 'ஆர்' ஆகச் சேரும், இரண்டாவது 'அண்ட்' ஆகச் சேரும். ஓசிஎல்லில் அப்படிச் சொல் எதுவும் கிடையாது, சேர்ப்பதை நாம்தான் எழுத வேண்டும். தேர்வில் முன்நிபந்தனைகளை 'ஆர்' போட்டு இணைத்து எழுதிக் காட்டுங்கள். சைல்டில் நீங்கள் 1000 என்று எழுதியிருந்தாலும், '500 அல்லது 1000' என்று இணைத்ததும் 500-தான் நிற்கும், உங்கள் ஆயிரத்துக்கு வேலையே இல்லை. அதை ஒரு வரியில் சொன்னால் திருத்துபவருக்கு உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று தெரியும். இன்வேரியன்ட்கள், அதாவது ஆப்ஜெக்ட்டுக்கு எப்போதும் பொருந்த வேண்டிய நிபந்தனைகள், எப்போதும் 'அண்ட்'தான்.

இன்னும் நுட்பமாக எழுத நினைப்பவர்களுக்கு: சைல்ட் 100 கிலோ வரை தளர்த்திய பிறகு 200 கிலோ லோடு ஒன்று வருகிறது. அந்த லோடுக்குப் பேரன்ட் எந்த வாக்கும் கொடுத்ததில்லை. ஆகவே பேரன்ட்டின் முன்நிபந்தனை உண்மையாக இருந்தால் அதன் பின்நிபந்தனை நிறைவேற வேண்டும் என்று 'இம்ப்ளைஸ்' வைத்து எழுதுவதே துல்லியம். ஆபரேஷன் தொடங்கும் முன் இருந்த மதிப்பைக் குறிக்க 'அட்-ப்ரீ' வேண்டும். அது பின்நிபந்தனைக்குள் மட்டுமே செல்லும்.

சரி, சைல்டுக்கு உண்மையிலேயே கூடுதல் நிபந்தனை தேவைப்பட்டால்? பெரியப்பா கேட்ட கேள்வியிலேயே வழி இருக்கிறது: புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்திருக்க வேண்டும். 'ஏற்கலாமா' என்று பூலியன் (உண்மை அல்லது பொய்) தரும் ஒரு குவெரி ஆபரேஷனை, அதாவது எதையும் மாற்றாமல் பதில் மட்டும் சொல்வதைப், பேரன்ட்டிலேயே வையுங்கள். பேரன்ட்டின் முன்நிபந்தனை அந்த 'ஏற்கலாமா' உண்மையாக இருப்பது மட்டுமே. சைல்ட் அதன் 'பாடி'யை, அதாவது பதிலைக் கணக்கிடும் பகுதியை, தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளட்டும். லோடு கொண்டுவருபவர் முதலில் கேட்பார், பதிலைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். முன்நிபந்தனையின் வரி ஓர் எழுத்துகூட மாறவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. இரண்டாம் இன்டர்னலில் இப்படித்தான் எழுதினேன். ஆனால் அது குவெரியாகவே இருக்க வேண்டும். ஆப்ஜெக்ட்டின் நிலையை மாற்றும் ஆபரேஷனை ஓசிஎல் கோவைக்குள் அழைக்க முடியாது.

ஜாவா படித்துவிட்டு வருபவர்கள் தடுமாறும் இடம், ஓர் ஆப்ஜெக்ட்டை வேறொரு டைப்பாக எடுத்துக்கொள்ளும் 'ஓசிஎல்-ஆஸ்-டைப்'. ஜாவாவில் பேரன்ட் டைப்புக்கு காஸ்ட் செய்து அழைத்தாலும் ஓடுவது சைல்டின் மெத்தட்தான். ஓசிஎல் தரநிலையிலோ, சைல்டில் மறுவரையறை செய்யப்பட்ட ஒன்றின் பேரன்ட் வடிவத்தை எடுக்கவே 'செல்ஃப் டாட் ஓசிஎல்-ஆஸ்-டைப்' என்று பேரன்ட்டின் பெயரைக் கொடுத்து எழுதுகிறோம். வெறும் 'செல்ஃப்' போட்டால் சைல்டுடையது வரும். பேரன்ட்டிலிருந்து சைல்ட் பக்கம் மாற்றும்போது மட்டும் 'ஓசிஎல்-இஸ்-கைண்ட்-ஆஃப்' வைத்துச் சோதித்துவிட்டு மாற்றுங்கள், டைப் பொருந்தாவிட்டால் விடை 'இன்வேலிட்' ஆகிவிடும்.

பயிற்சிக்கு ஜெர்மனியின் ப்ரெமன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'யூஸ்' என்ற இலவசக் கருவி போதும். நாலைந்து ஆப்ஜெக்ட் உருவாக்கி, 'ஓபென்டர்' கட்டளையால் ஆபரேஷனுக்குள் நுழைந்து, 'ஓபெக்ஸிட்' கொடுத்து வெளியே வாருங்கள். எந்த நிபந்தனை பொய்யானது என்று அதுவே காட்டும். முதல் சோதனைக்கு 700 கிலோ லோடையே கொடுத்துப் பாருங்கள்.