ஜேம்ஸின் கையில் ஒரு பென்சில்

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலின் கடைசிப் பகுதி பள்ளிக்கூடத்தில் வாசித்த நாளிலிருந்தே எனக்குக் கசக்கும். தப்பி வந்த கறுப்பின அடிமை ஜிம்மைப் பிடித்து ஒரு பண்ணைக் கொட்டிலில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். அவனை விடுவிக்க வரும் சிறுவன் டொம் சோயருக்கு எல்லாம் சிறைக்கதைகளில் வாசித்த மாதிரியே நடக்கவேண்டும். எலியையும் சிலந்தியையும் பாம்பையும் கொட்டிலுக்குள் விடுகிறான். ஜிம் ஒரு சட்டையில் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்கிறான். அவனுக்கு எழுதத் தெரியாதே என்று கதையைச் சொல்லும் பையன் ஹக் சொல்ல, கிறுக்கினால் போதும் என்கிறான் டொம். இத்தனைக்கும், 2 மாதத்துக்கு முன் இறந்த அவனுடைய எசமானி மிஸ் வொட்சன் தன் உயிலிலேயே ஜிம்மை விடுதலை செய்திருந்தாள். அது டொமுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. முடிவில் ஜிம்முக்கு 40 டொலர் கொடுக்கிறான்.

பேர்சிவல் எவரெட் 2024இல் எழுதிய 'ஜேம்ஸ்' அதே கதையை ஜிம்மின் வாயால் சொல்கிறது. 2025இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. டொமின் அந்தக் கொட்டில் விளையாட்டு இதில் கிடையாது. ஜேம்ஸ் என்ற இந்த ஜிம்முக்கு எழுத வாசிக்கத் தெரியும். அதை வெள்ளையர் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருக்கிறான். அவனுக்காக யங் ஜோர்ஜ் என்ற இன்னோர் அடிமை, எசமானிடமிருந்து ஒரு துண்டுப் பென்சிலைத் திருடிக் கொடுக்கிறான். அந்தப் பென்சிலுக்காக ஜோர்ஜைக் கொன்றுவிடுகிறார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் காலை ரயிலில் அந்தப் பக்கங்களை வாசித்தேன். அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. ரயில் கொம்பனித்தெருவில் நின்றது. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை அடைத்து வைத்திருந்த இடம் அது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். நான் ஜோர்ஜையே நினைத்துக்கொண்டிருந்தேன். ட்வைனிடம் சட்டையில் கிறுக்குவது ஒரு பையனின் பொழுதுபோக்கு. எவரெட்டிடம் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் செத்துப்போன ஓர் ஆள் இருக்கிறான். அதற்குப் பிறகு ஜேம்ஸ் எழுதும் எதையும் என்னால் சாதாரணமாக வாசித்துப் போக முடியவில்லை.

ட்வைனைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. மூடுபனி இரவில் ஹக் தன்னை ஏமாற்றியது தெரிந்ததும் ஜிம் அவனிடம் பேசுகிற பேச்சை இன்றைக்கும் என்னால் மனம் கலங்காமல் வாசிக்க முடியாது. ஆனால் அதையும் நாம் ஹக்கின் காதால்தான் கேட்கிறோம்.

புதிய நாவலில் ஜேம்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறான். வெள்ளையர் முன்னால் எப்படித் தடுமாறிப் பேசுவது என்பதுதான் பாடம். அடுப்படியில் தீப்பிடித்தாலும் 'தீ' என்று நீ சொல்லாதே, அதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும். எங்கள் மாடிக்குடியிருப்பின் லிப்டில் வீட்டுவேலைக்கு வரும் மலையகப் பெண்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்: மகளின் பரீட்சை, சீட்டுக்காசு, சிரிப்பு, சத்தம். கதவு திறந்ததும் "சரிங்கம்மா" மட்டும்தான். அவர்கள் கூலிக்கு வருகிறவர்கள், அடிமைகள் அல்ல. ஆனாலும் அந்தப் பாடத்தை யார் யாருக்குப் படிப்பித்தார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை.

நான் கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் காணி வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகை பிரிக்கும், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையோடுதான் என் பிழைப்பு. 1707இல் ஒல்லாந்தருக்காக அதை எழுத்தில் தொகுத்தபோது அடிமைகளுக்கென்று ஒரு பிரிவே வைத்தார்கள். எந்தெந்தச் சாதியார் அடிமைகள் என்று அதில் பெயர் சொல்லி இருக்கிறது. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதமாட்டேன். இன்றைக்கும் அவற்றைச் சொல்லி ஆட்களை நோகடிக்கிறார்கள். நிலத்தைப் போலவே அடிமையும் கைமாறும் சொத்து. 1844இல்தான் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

சாதிக் கொடுமையைப் பற்றி கே. டானியல் 'பஞ்சமர்' நாவல் எழுதி எங்களை உலுக்கினார். அவருடைய களம் இருபதாம் நூற்றாண்டு. நான் கேட்பது அதற்கும் முந்திய ஆளை. 1816 ஓகஸ்ட் 12 முதல் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று அடிமைச் சொந்தக்காரர் பலர் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் ஏதோ ஒரு முற்றத்தில், 1815இல் பிறந்த அக்கா அடிமை. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி சுதந்திரன். கஞ்சி வார்க்கும்போது இரண்டு பேருக்கும் தாய் எப்படி வார்த்தாள்? அந்த வித்தியாசத்தை யார், எந்த வயதில் அவர்களுக்குச் சொன்னார்கள்? தம்பி கூலி கேட்ட அன்று அக்கா என்ன நினைத்தாள்? அந்த அக்காவின் வாயால் தொடங்கும் நாவலை, யாழ்ப்பாணத்துத் தமிழில், யாராவது எழுதுங்கள்.