மஞ்சள் அம்புக்குறி

ஜூன் 12, 2023 – சிப்பிங் கேம்ப்டன்

லண்டன் பாடிங்டனில் ஏறிய ரயில் ஒன்றரை மணி நேரத்தில் மோர்ட்டன்-இன்-மார்ஷில் அம்மாவையும் என்னையும் இறக்கிவிட்டது. அங்கிருந்து பஸ். காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில் இதுதான் எங்கள் முதல் ஊர். வீடு, கோயில், மதில் எல்லாம் ஒரே சுண்ணாம்புக்கல். வெயில் பட்டால் தேன் நிறம். மேகம் மூடினால் வைக்கோல் நிறம்.

கடைத்தெருவின் நடுவில் 1627இல் கட்டிய சந்தை மண்டபம் இருக்கிறது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்பவர்கள் மழையில் நனையக் கூடாது என்று பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்ற செல்வந்தர் கட்டிக்கொடுத்தது. தரைக்கல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து கிடக்கிறது. அம்மா அங்கே ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

மாலையில் புனித ஜேம்ஸ் தேவாலயம். 1401இல் இறந்த வில்லியம் கிரெவல் என்ற கம்பளி வணிகரின் உருவத்தைப் பித்தளைத் தகட்டில் செதுக்கித் தரையில் பதித்திருக்கிறார்கள். இங்கிலாந்துக் கம்பளி வணிகர்களுக்கெல்லாம் மலர் போன்றவர் என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. ஆட்டு ரோமம் பொதி பொதியாக ஃபிளாண்டர்ஸுக்கும் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) இத்தாலிக்கும் கப்பலேறிய காலம் அது. இந்த ஊரே செம்மறி ஆட்டின் முதுகில் வளர்ந்தது.

ஜூன் 13 – பிராட்வே வரை நடை

இந்த நாளுக்காகத்தான் நான் வந்தேன். கேம்ப்டனிலிருந்து பாத் நகரம் வரை 102 மைல் நீளும் காட்ஸ்வோல்ட் நடைவழியின் முதல் துண்டு, சுமார் ஆறு மைல். கையில் பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடம். தரையில் ஒரு கிலோமீட்டர் என்றால் அதில் நான்கு சென்டிமீட்டர். மதில்களும் ஓடைகளும் தோப்புகளும் அத்தனையும் குறித்திருக்கிறது. பச்சைக் கோடுகளாகப் போவது பொது நடைபாதை; தனியார் நிலத்துக்குள் போனாலும் அதில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. வழியில் மரக்கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கு. நீல அம்புக்குறி இருந்தால் குதிரையும் சைக்கிளும் போகலாம்.

டோவர்ஸ் குன்றைத் தாண்டி ஒரு வேலிக்கு வந்தோம். வேலியின் குறுக்கே இரண்டு மரப்படிகள். ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் எதிரே விளைந்து நிற்கும் வாற்கோதுமை. அம்பு நேராக அதற்குள்ளே காட்டியது. அம்மா நின்றுவிட்டாள்.

"அடுத்தவர் பயிருக்குள் எப்படிப் போவது? வரப்பு எங்கே?"

வரப்பே கிடையாது. பயிரின் நடுவே ஓர் ஆள் போகும் அகலத்துக்குத் தரை தெரிந்தது. பாதை குறுக்கே போகிற வயலை உழுது விதைக்கலாம். ஆனால் உழுத பின் அந்தத் தடத்தைத் திரும்பவும் நடக்கத் தோதாக்கித் தர வேண்டும், பயிர் அதை மூட விடக் கூடாது. சட்டப்படி அது நிலத்துக்காரரின் கடமை. குறைந்தது ஒரு மீட்டர் அகலம். இதைச் சொன்னபோது அம்மா குனிந்து தடத்தைப் பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். கதிர்களின் சுணை இருபக்கமும் முழங்கையை உரசியது. ஒரு தாள்கூட மிதிபடாமல் நடந்தாள். வயலைக் கடந்ததும் திரும்பிப் பார்த்து, "மகராசன், நன்றாக இருக்கட்டும்" என்றாள். யாரென்றே தெரியாத அந்த விவசாயியைத்தான்.

இந்த உரிமை எல்லா இடத்திலும் சும்மா வந்துவிடவில்லை. வடக்கே கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில், வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலத்துக்குள் 1932 ஏப்ரல் 24 அன்று தொழிலாளர்கள் நடக்கும் உரிமை கேட்டு நூற்றுக்கணக்கில் திரண்டு ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையைச் சட்டம் கொடுத்தது 2000இல்தான். அந்த ஐந்து பேரையும் நினைத்துக்கொண்டேதான் இன்று மேடு ஏறினேன்.

பிராட்வே கோபுரத்துக்குக் கீழே காற்று ஆளைத் தள்ளியது. கீழே இறங்கும்போது அம்மாவின் முழங்கால் வலித்தது. இரவு வெந்நீர் ஒத்தடம்.

ஜூன் 15 – நார்த்லீச்

எதிர்பார்த்த பஸ் வரவில்லை. இரண்டு மணி நேரம் வீணானது. ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் இடிந்த மதிலைச் சரிசெய்யும் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது. இரண்டு முகமாகக் கல் அடுக்கி, நடுவில் சில்லுக்கற்களைக் கையால் இறுக்கித் திணிக்கிறார். சற்று உயரம் வந்ததும் இரண்டு முகங்களையும் பிணைக்கும் நீளக்கல் ஒன்று. மேலே போகப் போக மதில் உட்பக்கம் சாய்ந்து குறுகுகிறது. உச்சியில் தட்டைக் கற்களைப் புத்தகம் அடுக்குவதுபோல் செங்குத்தாக நிறுத்துகிறார். ஒரு கல்லை எடுத்தால் அதைத் திரும்பக் கீழே போடுவதில்லை; எங்காவது அதற்கு இடம் கண்டுபிடித்துவிடுகிறார்.

இங்குள்ள தேவாலயத்திலும் கம்பளி வணிகர்களின் பித்தளை உருவங்கள் உண்டு. ஒருவரின் காலடியில் ஆடும் கம்பளிப் பொதியும். பிழைப்புத் தந்ததைச் சாவிலும் மறக்காத அந்த நன்றி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 17 – லேகாக்

பாத் நகரை ஒரு நாளில் ஓடிப் பார்த்தோம். ரோமானியர் குளத்தில் இன்றும் 46 டிகிரிச் சூட்டில் ஊற்று பொங்குகிறது, கூட்டமும் அப்படித்தான். அங்கிருந்து தப்பி லேகாக் வந்தோம்.

பழைய மடாலயத்தின் மேல்மாடத்தில் சிறு கண்ணாடிச் சில்லுகள் கோத்த ஒரு ஜன்னல். 1835 ஆகஸ்டில் புகைப்படக் கலையின் முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் இந்த ஜன்னலைத்தான் தபால்தலை அளவுக் காகிதத்தில் பிடித்தார். இன்று எஞ்சியிருக்கும் புகைப்பட நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். சுமார் 200 சில்லுகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ண முடிந்தது என்று அவரே குறித்து வைத்தார். நானும் எண்ணத் தொடங்கினேன். அறுபதைத் தாண்டியதும் வெயில் கண்ணில் அடித்தது. படம் எடுக்க மனம் வரவில்லை, வெறுமனே நின்றேன்.

ஜூன் 20 – வெல்ஸ்

பேராலயத்தின் உள்ளே, கோபுரத்தின் பாரம் தாங்காமல் சுவர் விரிசல் விட்டபோது 1338 முதல் பத்தாண்டுகளில் எழுப்பிய கத்திரிக்கோல் வடிவ வளைவுகள். ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்ததுபோல் நிற்கின்றன. அவற்றைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது ஆலோசனை மண்டபத்துக்கு ஏறும் கல்படிகள். ஒவ்வொரு படியும் நடுவில் கிண்ணம்போல் குழிந்திருக்கிறது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, குழிந்த இடத்திலேயே காலை வைத்து ஏறினாள். "இங்கேதான் வாகாக இருக்கிறது" என்றாள்.

இப்போது மணி எட்டே முக்கால். நாளை ரயில், பெட்டி கட்டவில்லை. வெளிச்சம் இன்னும் குறையவில்லை. ஊர்க்கோடியில் ஒரு மஞ்சள் அம்புக்குறி இருப்பதை அம்மா மதியமே பார்த்து வைத்திருக்கிறாள். ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.