கப்பல் எந்தத் தளத்தில் பிறந்தது? தேடிக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு கப்பல் எங்கே கட்டப்பட்டது என்று தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாங்கள் எண்ணில் தொடங்குவோம். கைமாறும்போது பெயர் மாறும், கொடி மாறும்; ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் மாறாது.

அந்த ஏழு இலக்க எண்ணை உடலிலேயே நிரந்தரமாகப் பொறிக்க வேண்டும் என்ற விதி 2004 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. வெளியே 200 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. எஞ்சின் அறைத் தடுப்புச் சுவர் போன்ற உள்ளிடங்களில் 100 மி.மீ. போதும். எண்ணின் மேல் பெயிண்ட் பல பூச்சு ஏறியிருக்கும். சுரண்டாதீர்கள். டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் வெல்டிங் மேட்டின் நிழல் விழும், எண் தெரிந்துவிடும். ஓர் இலக்கத்தை வேறொன்றாகப் படிப்பது சகஜம். அதனால் அங்கேயே சரிபார்த்துவிட வேண்டும்: முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 9074729 என்றால் 63+0+35+16+21+4 = 139. இதன் கடைசி இலக்கமும் எண்ணின் கடைசி இலக்கமும் 9. பொருந்தாவிட்டால் படித்ததில்தான் பிழை.

பழைய பிரிட்டிஷ் கப்பல்களில் 1855 முதல் வழங்கிய பதிவு எண்ணைப் பிரதான உத்தரத்தில் செதுக்கியிருப்பார்கள். டன் அளவும் அங்கேயே இருக்கும். அதைப் பதிவு எண்ணென்று குறித்துக்கொண்டு வந்தால் தேடல் முழுக்க வீண்.

எண் கிடைத்ததும் கப்பல்களின் விவரப் பட்டியலான லாயிட்ஸ் பதிவேட்டைப் பாருங்கள். கட்டியவர், ஊர், ஆண்டு கிடைக்கும். அடுத்து வேண்டியது தள எண், அதாவது கட்டுபவர் தன் வரிசையில் கொடுக்கும் எண். பெல்ஃபாஸ்ட் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கட்டும் தளத்தில் ஒலிம்பிக் கப்பல் 400, டைட்டானிக் 401. கடலடியில் கிடக்கும் டைட்டானிக்கின் புரொப்பல்லர் இதழில் இன்றும் 401 தெரிகிறது. ஆனால் வெறும் 401 எதையும் சொல்லாது. ஒவ்வொரு தளத்துக்கும் தனி வரிசை என்பதால் தளத்தின் பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது எஞ்சின் அறைப் பித்தளைத் தகடு. அதில் இருப்பது எஞ்சின் செய்தவர் பெயர். கப்பலின் உடலைக் கட்டியவர் வேறொருவராக இருக்கலாம். கப்பல் மணி நம்பிக்கையானது, பல கப்பல்களில் முதல் பெயர் அதில் அப்படியே நிற்கும்.

ஆண்டிலும் கவனம் வேண்டும். டைட்டானிக்குக் கீல் (அடியில் ஓடும் முதுகெலும்பு) போட்டது 1909 மார்ச் 31, நீரில் இறக்கியது 1911 மே 31, ஒப்படைத்தது 1912 ஏப்ரல். ‘கட்டிய ஆண்டு’ என்று ஒரே எண்ணை எழுதாமல், எந்த நாள் எது என்று மூன்றையும் தனித்தனியே குறித்துவையுங்கள்.